கைபேசியைக் கம்ப்யூட்டர் அறியாதபோது

களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இக்காலத்தில் தம் பணிக்குரிய குறிப்புகளையும் படங்களையும் பெரும்பாலும் கைபேசியிலேயே சேகரிக்கின்றனர். குறிப்பேடு, காமிரா, ஒலிப்பதிவுக் கருவி ஆகிய மூன்றின் வேலையையும் இந்த ஒரு சாதனமே செய்துவிடுகிறது. இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்று பெட்டிகளில் பிரித்து வைத்திருந்த பொருளை ஒரே பெட்டியில் வைத்தபின், அப்பெட்டி திறக்க மறுத்தால் ஏற்படும் சங்கடமும் மூன்று மடங்காகிவிடுகிறது. கைபேசியைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்தும், கம்ப்யூட்டர் அதனை அறிந்துகொள்ளாமல் வாளாவிருப்பது இத்தகைய சங்கடங்களுள் ஒன்று. இதன் காரணங்களையும், அவற்றை முறையாகக் கண்டறியும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

ஓர் உதாரணம்

திருப்பதி மாவட்டத்தில் சுவர்ணமுகி நதிக்கரையில் அமைந்துள்ளது காளஹஸ்தி. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய மாவட்டம் அமையும் வரை இவ்வூர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ் நூல்களில் திருக்காளத்தி என்றும், நதி பொன்முகலி என்றும் வழங்கப்பெறும். கோயிலுக்கு அடுத்தபடியாக இவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தது, மூங்கில் எழுதுகோலால் துணியில் சித்திரம் தீட்டும் கலம்காரித் தொழிலாகும். இத்தொழிலுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது.

இவ்வூரில் கலம்காரித் துணிகளைப் பதிவு செய்யச் சென்ற களப் பணியாளர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். பழைய துணி ஒன்றினை அவர் பகுதி பகுதியாகப் படமெடுக்கிறார். சாயம் காய்ச்சும் முறையை வயது முதிர்ந்த கைவினைஞர் ஒருவர் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்துகொள்கிறார். மறு வாரம் அத்துணி விலையாகி வெளியூர் சென்றுவிடுகிறது. இனி அத்துணிக்குச் சாட்சியாக எஞ்சியிருப்பது கைபேசியிலுள்ள பதிவு மட்டுமே. அலுவலகத்திற்குத் திரும்பிய பணியாளர் கைபேசியைக் கம்ப்யூட்டருடன் இணைக்கிறார். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. மறுபடியும் செருகுகிறார், பயனில்லை. அருகிலிருப்போர் ஆளுக்கோர் ஆலோசனை கூறுகின்றனர். அவற்றுள் ஒன்று, "கைபேசி முழுவதையும் அழித்துப் புதிதாக்கினால் சரியாகிவிடும்" என்பது. இவ்வாலோசனையை ஏற்றால் கைபேசி ஒருவேளை சரியாகலாம். ஆனால் பதிவு போய்விடும்.

ஆகவே இப்பாடத்தின் முதல் விதி இதுவே: இணைப்பில் ஏற்பட்ட கோளாறு வேறு, சேமிப்பில் ஏற்பட்ட கோளாறு வேறு. கம்ப்யூட்டர் அறியாத கைபேசியில் படங்கள் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கின்றன. கைபேசியின் திரையில் அவற்றைத் திறந்து பார்க்க முடிகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். முடியுமாயின் பதற்றத்திற்குக் காரணமில்லை. வழிதான் அடைபட்டிருக்கிறதே தவிர, பொருள் கெட்டுவிடவில்லை.

யு.எஸ்.பி. முறையின் தோற்றம்

முற்காலக் கம்ப்யூட்டர்களில் விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு ஒரு துளை, மோடத்திற்கு வேறொரு துளை என்று தனித்தனியே அமைந்திருந்தன. எந்தக் கருவியை எங்கே செருகுவது என்பதே தனியொரு வித்தையாக இருந்தது. இவ்வேற்றுமைகளை நீக்கி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பை வகுக்கச் சில பெரிய நிறுவனங்கள் 1990-களின் நடுப்பகுதியில் ஒன்றுகூடின. அம்முயற்சியின் பயனாக யு.எஸ்.பி. முறையின் முதற் பதிப்பு 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. இப்பணியில் முக்கிய பங்கு கொண்ட இன்டெல் நிறுவனப் பொறியியலாளர் அஜய் பட், பரோடாவிலுள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பது இந்திய மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

முதற் பதிப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். 2000-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் அது 480 மெகாபிட்டாகவும், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 5,000 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. எப்பக்கமாகச் செருகினாலும் பொருந்தும் டைப்-சி என்னும் முனை 2014-இல் வகுக்கப்பட்டது. முனை புதிதாயினும் உள்ளே நடைபெறும் உரையாடல் இரண்டாம் பதிப்பைச் சார்ந்ததாகவே இன்றும் பல கைபேசிகளில் அமைந்துள்ளது. ஆகையால் அதனை அறிந்துகொண்டால் போதுமானது.

நான்கு கம்பிகளும் ஐந்து படிகளும்

சாதாரண யு.எஸ்.பி. கேபிளின் உறையைப் பிளந்து பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் காணப்படும். வழக்கப்படி சிவப்புக் கம்பி 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. கறுப்புக் கம்பி அம்மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. பச்சை, வெள்ளை ஆகிய இரண்டும் செய்தி செல்லும் கம்பிகள். மின்சாரத்திற்கு இரண்டு, செய்திக்கு இரண்டு என்னும் இப்பிரிவினையை நினைவிற் கொண்டால், பின்னர் வரும் சோதனைகளில் பாதி தாமே விளங்கிவிடும்.

கைபேசியும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அறிந்துகொள்வது ஒரே கணத்தில் நடப்பதுபோல் தோன்றினும், உண்மையில் அது ஐந்து படிகளாக நிகழ்கிறது.

முதற் படி மின்சாரம். கேபிளைச் செருகியவுடன் கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் கைபேசியை அடைகிறது.

இரண்டாம் படி வருகையை உணர்த்துதல். கைபேசி தனக்குள்ளிருக்கும் 1,500 ஓம் மின்தடை ஒன்றின் வழியாகச் செய்திக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்துகிறது. வாயிற்கதவைத் தட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். அழுத்தம் உயர்ந்ததைக் கண்ட கம்ப்யூட்டர், ஏதோ ஒரு கருவி வந்திருக்கிறது என்று உணர்கிறது.

மூன்றாம் படி அறிமுகம். "நீ யார்?" என்று கம்ப்யூட்டர் கேட்க, கைபேசி தன்னை உண்டாக்கிய நிறுவனத்தின் எண்ணையும், தன் மாதிரியைக் குறிக்கும் எண்ணையும், தன்னால் இயலும் பணிகளையும் தெரிவிக்கிறது. கம்ப்யூட்டர் அதற்கு 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தற்காலிக முகவரியாக அளிக்கிறது.

நான்காம் படி மொழி. அறிமுகமான கருவியுடன் பேசத் தக்க துணை நிரல் கம்ப்யூட்டரில் இருத்தல் வேண்டும். இதற்கு டிரைவர் என்று பெயர்.

ஐந்தாம் படி அனுமதி. கைபேசியின் உரிமையாளர் திரைப் பூட்டைத் திறந்து, கோப்புகளைக் காட்ட இசைந்தாலொழியக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் புலப்படாது.

கலம்காரி கற்பிக்கும் நெறி

இப்படிகளை வரிசையாகச் சோதிப்பது ஏன் அவசியம் என்பதற்குக் காளஹஸ்தியின் கைத்தொழிலே நல்ல சான்று. கலம்காரி எழுதுவோர் முதலில் துணியைக் கடுக்காய்ப்பொடி கலந்த பாலில் தோய்த்து உலர்த்துகின்றனர். பின்னர் இரும்பும் வெல்லமும் நீரில் ஊறிப் புளித்த கரைசலைத் தொட்டுக் கோடு வரைகின்றனர். கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த இடத்தில்தான் கோடு கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களிற் படிகாரம் பூசிய பின்னரே துணியைச் சாயநீரில் கொதிக்கவைக்கின்றனர். படிகாரம் படாத இடத்தில் அச்சிவப்பு நிலைப்பதில்லை.

கடுக்காயில் தோயாத துணியில் எத்தனை முறை கோடு வரைந்தாலும் அது உரிய கருமையை அடையாது. கோட்டிற் குறை தெரிகிறது. ஆனால் குறையின் பிறப்பிடம் அதற்கு முந்திய படியில் இருக்கிறது. அனுபவமுள்ள கைவினைஞர் மேலும் மேலும் வரைந்துகொண்டிராமல் துணியின் பதத்தையே முதலில் சோதிப்பார். கைபேசி விஷயமும் அத்தகையதே. செய்திக் கம்பியே இல்லாத கேபிளை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. எந்தப் படியில் உரையாடல் நின்றது என்று கண்டபின்பே பரிகாரத்தில் இறங்க வேண்டும்.

இதனுடன் மற்றொரு நெறியும் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். கேபிளையும் துளையையும் டிரைவரையும் ஒருங்கே மாற்றியபின் இணைப்பு கிடைத்தால், கோளாறு எதில் இருந்தது என்று தெரியாது. அடுத்த முறையும் அதே தொல்லை நேரும்.

முதற் சோதனை: சார்ஜ் ஏறுகிறதா?

கைபேசியை இணைத்தவுடன் மின்னேற்றக் குறி தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தோன்றாவிடில் கோளாறு முதற் படியிலேயே இருக்கிறது. கேபிள் அறுந்திருக்கலாம், கைபேசியின் துளை அடைபட்டிருக்கலாம், கம்ப்யூட்டரின் துளை செயலிழந்திருக்கலாம். வேறொரு கேபிள், வேறொரு துளை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் காரணம் வெளிப்பட்டுவிடும்.

கைபேசியின் துளையைத் தனியே கவனிக்க வேண்டும். சட்டைப்பையிலும் துணிப்பையிலும் வைத்துப் பழகிய கைபேசியின் துளையில் நாளடைவில் பஞ்சுத்துகளும் புழுதியும் சேர்ந்து, கேபிளைச் செருகும்தோறும் உள்ளே அழுந்தி, மெத்தைபோல் இறுகிவிடுகின்றன. அதன் விளைவாக முனை முழுவதும் உட்செல்வதில்லை. முனை தளர்ந்து ஆடுதலும், சிறிது அசைத்தால் இணைப்பு வந்து வந்து போதலும் இதன் அறிகுறிகளாகும். கைபேசியை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, உலர்ந்த மென்மையான தூரிகையாலோ மெல்லிய மரக் குச்சியாலோ அழுக்கை மெதுவாக எடுக்கலாம். ஊக்கு, குண்டூசி முதலிய உலோகப் பொருள்களை உபயோகிக்கலாகாது. டைப்-சி துளையின் நடுவே மெல்லிய நாக்குப் போன்ற ஒரு பகுதி உண்டு. அது முறிந்தால் துளையையே மாற்ற நேரும். தண்ணீரோ எண்ணெயோ விடுவதும் கூடாது. மழைக்காலத்தில் நனைந்த கைபேசியை நன்கு உலர்ந்த பின்னரே இணைக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: கேபிளில் செய்திக் கம்பி உண்டா?

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் ஒலி எழுப்பவில்லை, திரையிலும் மாறுதல் இல்லை. இந்நிலையில் முதலிற் சந்தேகிக்கத் தக்கது கேபிளே. சிறு விளக்கு, கைவிசிறி, பவர் பாங்க் முதலியவற்றுடன் வரும் மலிவான கேபிள்களுட் சிலவற்றில் மின்சாரத்திற்குரிய இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கின்றன. உறையின் நிறத்தாலும் தடிப்பாலும் இதனை அறிய முடியாது. வேறு சில கேபிள்களில் நான்கு கம்பிகளும் இருந்து, முனையருகே மடங்கி மடங்கிச் செய்திக் கம்பி மட்டும் அறுந்துபோயிருக்கும். "சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் எப்படிப் பழுதாகும்?" என்ற கேள்வி இதனாலேயே எழுகிறது. மின்சாரம் செல்லும் வழி வேறு, செய்தி செல்லும் வழி வேறு என்பதே அதற்கு விடை.

கேபிளைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சந்தேகத்துக்குரிய கேபிளால் வேறொரு கைபேசியை அதே கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். அக்கைபேசி அறியப்பட்டால் கேபிள் நல்லது. கம்ப்யூட்டரின் துளையும் நல்லது. அறியப்படாவிடில், நல்லதென்று தெரிந்த வேறொரு கேபிளால் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இவ்விரண்டு சோதனைகளுக்கும் ஐந்து நிமிஷம் போதும். சோதித்துத் தேறிய கேபிள் ஒன்றுக்கு வண்ண நூல் கட்டி, அலுவலகத்திலோ பள்ளியிலோ தனியே வைத்திருப்பது பின்னர் பெரிதும் உதவும்.

டைப்-சி முனையாயின் அதனைத் திருப்பிச் செருகியும் பார்க்க வேண்டும். அம்முனையில் தொடுபுள்ளிகள் இருபுறமும் அமைந்துள்ளன. ஒரு புறத்துப் புள்ளி தேய்ந்தோ அழுக்கடைந்தோ இருப்பின், மறுபுறமாகச் செருகும்போது வேலை செய்யக்கூடும். மிக நீண்ட கேபிளும் தொல்லை தரும். இரண்டாம் பதிப்பு முறையில் 5 மீட்டருக்கு மேற்பட்ட கேபிள் ஏற்றதன்று. 1 மீட்டர் அளவுள்ளதே சாலச் சிறந்தது.

மூன்றாம் சோதனை: கம்ப்யூட்டரின் துளை

மேசைக் கம்ப்யூட்டரின் முன்புறத் துளைகள் பெட்டிக்குள்ளே மற்றொரு கம்பியால் தாய்ப்பலகையுடன் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அக்கம்பி தளர்ந்தால் முன்புறத் துளை பயன்படாது. பின்புறத் துளைகளோ தாய்ப்பலகையிலேயே நேரடியாக அமைந்தவை. ஆகையால் சோதனைக்குப் பின்புறத் துளையே உரியது. ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப் என்னும் கருவியின் வழியாக இணைத்திருந்தால் அதனை நீக்கி நேரடியாக இணைக்க வேண்டும். இரண்டாம் பதிப்புத் துளை ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் அதனைப் பல கருவிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது கைபேசிக்குப் போதாமற் போகலாம்.

சில அரசு அலுவலகங்களில், பாதுகாப்பைக் கருதி, வெளிக் கருவிகளை இணைக்க முடியாதபடி கம்ப்யூட்டர்களிற் கட்டுப்பாடு விதித்திருப்பர். அது கோளாறன்று, நிர்வாக விதி. பொறுப்பான அதிகாரியிடம் தெரிவித்து அனுமதி பெறுவதே முறை. அதனைக் குறுக்கு வழியில் மீற முயலுதல் தவறு.

நான்காம் சோதனை: கைபேசி அனுமதி தந்ததா?

கேபிளும் துளையும் நல்லவை. கம்ப்யூட்டர் ஒலியும் எழுப்புகிறது. ஆயினும் கோப்புகள் தென்படவில்லை. அல்லது கைபேசியின் பெயர் தோன்றுகிறது. திறந்தால் வெறுமையாக இருக்கிறது. இந்த வெறுமையைக் கண்டு, படங்கள் யாவும் அழிந்துவிட்டன என்று பலர் திகைத்துவிடுகின்றனர். உண்மையில் இது கைபேசியின் எச்சரிக்கைக் குணமே.

பழைய கைபேசிகள் கம்ப்யூட்டருக்குத் தம்மை ஒரு வட்டுப்போலக் காட்டிக்கொண்டன. அம்முறையிற் சேமிப்பு முழுவதும் கம்ப்யூட்டரின் ஆளுகைக்குச் சென்றுவிடும். அதுவரை கைபேசி அதனை உபயோகிக்க இயலாது. ஒரே கணக்கேட்டில் இருவர் ஒரே சமயத்தில் எழுதினால் கணக்குக் குழம்புவது போன்ற அபாயத்தைத் தவிர்க்கவே இவ்வாறு அமைத்திருந்தனர். 2011-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு மூன்றாம் பதிப்பு முதல் எம்.டி.பி. என்னும் வேறொரு முறை வழக்கத்திற்கு வந்தது. இதில் ஏடு கைபேசியின் கையிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் "இக்கோப்பைத் தருக" என்று ஒவ்வொன்றாகக் கேட்க, கைபேசி எடுத்துத் தருகிறது. கைபேசிக்குக் கம்ப்யூட்டரில் வட்டுக்குரிய எழுத்து எதுவும் தோன்றாமைக்கு இதுவே காரணம்.

2015-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் மற்றொரு மாறுதலும் ஏற்பட்டது. புதிதாக இணைத்தவுடன் கைபேசி சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும். உரிமையாளர் குறிப்பாகச் சொன்னாலன்றிக் கோப்புகளைக் காட்டாது. ஆகையால் செய்ய வேண்டியது பின்வருமாறு: கைபேசியின் திரைப் பூட்டைத் திறக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இழுத்தால் அறிவிப்புகள் தோன்றும். அவற்றுள் யு.எஸ்.பி. பற்றிய அறிவிப்பைத் தொட்டு, "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வறிவிப்பே தோன்றாவிடில், செய்திக் கம்பி வழியாக உரையாடல் தொடங்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாம் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

ஐபோனில் இதே அனுமதி வேறு உருவிற் கேட்கப்படுகிறது. முதன்முறை இணைக்கும்போது "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்ற கேள்வி திரையில் எழும். பூட்டைத் திறந்து இசைவு தெரிவிக்க வேண்டும். 2018-இல் வந்த மாறுதலின்படி, நீண்ட நேரம் பூட்டியே இருந்த ஐபோன் மீண்டும் திறக்கப்படும் வரை செய்திக் கம்பியின் வழியாக எவருடனும் பேச மறுக்கவும் கூடும்.

இவ்வெச்சரிக்கைக்குத் தக்க காரணம் உண்டு. யாத்ரிகர் திரளும் ஊர்களிலும், ரயில், பஸ் நிலையங்களிலும் பொதுமக்கள் சார்ஜ் ஏற்றிக்கொள்ளத் துளைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய துளைக்குப் பின்னால் யாரேனும் ஒரு கம்ப்யூட்டரை மறைத்து வைத்துத் தகவலைத் திருட முடியும். இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலும் இவ்வகை மோசடி பற்றிய எச்சரிக்கை இடம் பெற்றுள்ளது. அறியாத இடத்தில் மௌனமாக இருக்கும் கைபேசி தன் எஜமானருக்கு நன்மையே செய்கிறது. பொது இடங்களில் யு.எஸ்.பி. துளையைத் தவிர்த்து, சொந்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் செருகுவதே பாதுகாப்பானது.

பழைய படங்கள் தெரிந்து, அன்று எடுத்த படங்கள் மட்டும் கம்ப்யூட்டரில் தெரியாமலிருப்பதும் உண்டு. எம்.டி.பி. முறையில் கைபேசி தன் கோப்புப் பட்டியலைப் பார்த்தே விடை சொல்கிறது. புதிய படங்கள் பட்டியலிற் சேராதிருப்பின் கம்ப்யூட்டருக்குத் தெரியா. கைபேசியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் பட்டியல் பெரும்பாலும் திருந்திவிடும்.

ஐந்தாம் சோதனை: கம்ப்யூட்டரின் டிரைவர்

மேற்கூறிய யாவும் சரியாக இருந்த பின்னரே டிரைவரின்மீது சந்தேகம் கொள்ள வேண்டும். முதலில் இரண்டு கருவிகளையும் அணைத்துத் திறந்து மறுபடியும் இணைத்துப் பார்ப்பது நலம். அதனாலும் தீராவிடில், விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிவைஸ் மானேஜர் என்னும் பகுதியைத் திறந்தால் கருவிகளின் பட்டியல் காணப்படும். கைபேசியின் பெயருக்கருகே மஞ்சள் முக்கோணம் இருந்தால், அறிமுகம் நிகழ்ந்து மொழி பொருந்தவில்லை என்று பொருள். அக்குறிப்பை வலது பொத்தானால் அழுத்தி, கருவியை நீக்கும்படி பணித்து, கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை மீண்டும் தொடங்கி இணைத்தால், அது டிரைவரைப் புதிதாக நிறுவிக்கொள்ளும். இச்செயலால் கைபேசியிலுள்ள எதுவும் அழிவதில்லை.

கருவியின் பெயருக்குப் பதிலாக "அறியப்படாத யு.எஸ்.பி. சாதனம்" என்னும் பொருள்பட எழுதி, 43 என்ற பிழை எண்ணும் காணப்பட்டால், கைபேசி கதவைத் தட்டியது, ஆனால் தன் பெயரைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்று அறிய வேண்டும். இது பெரும்பாலும் தேய்ந்த கேபிள், அழுக்கடைந்த துளை, அல்லது மின்சாரக் குறைவினால் நேர்வது. டிரைவரில் கைவைக்கும் முன்பு முதல் மூன்று சோதனைகளையும் திரும்பச் செய்தல் வேண்டும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கம்ப்யூட்டர்கள் ஆண்ட்ராய்டு கைபேசியின் எம்.டி.பி. முறையைத் தாமாக அறிவதில்லை. அதற்கெனத் தனி நிரல் வேண்டும். லினக்ஸ் கம்ப்யூட்டர்களுட் பெரும்பாலானவை தனி டிரைவர் இன்றியே அறிந்துகொள்கின்றன. எனவே விண்டோஸில் தோல்வியுற்ற கைபேசியைப் பள்ளியிலுள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்ப்பதும் நல்லதொரு சோதனையாகும்.

அறிகுறியும் காரணமும்

1. சார்ஜும் இல்லை, ஒலியும் இல்லை: கேபிள் அல்லது துளை முழுவதும் பழுது.

2. சார்ஜ் உண்டு, ஒலியும் அறிவிப்பும் இல்லை: செய்திக் கம்பி இல்லாத கேபிள், அல்லது அழுக்கடைந்த துளை.

3. இணைப்பு வந்து வந்து போகிறது: தளர்ந்த முனை, ஹப், அல்லது மின்சாரக் குறைவு.

4. "அறியப்படாத சாதனம்" என்ற அறிவிப்பு: அறிமுகம் தடைப்பட்டது, முதலில் கேபிளையே மாற்றுக.

5. மஞ்சள் முக்கோணம்: டிரைவர் பொருந்தவில்லை.

6. பெயர் தெரிகிறது, உள்ளே வெறுமை: திரைப் பூட்டு திறக்கப்படவில்லை, அல்லது அனுமதி தரப்படவில்லை.

7. புதிய படங்கள் மட்டும் தெரியவில்லை: கைபேசியின் பட்டியல் புதுப்பிக்கப்படவில்லை.

கேபிளின்றிப் படங்களைக் காக்கும் வழி

கைபேசியின் துளையே பழுதாயின் உடனே கேபிள் இணைப்புப் பெற வழியில்லை. அப்போதும் படங்களை மீட்க வேறு வழிகள் உள்ளன. மெமரி கார்டு உள்ள கைபேசியாயின், படங்களை அதில் பிரதி செய்து, கைபேசியை அணைத்தபின் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் வாசிக்கலாம். வைபை அல்லது புளூடூத் வழியாக அனுப்பலாம். புளூடூத் மிக மெதுவானதாகையால் சில படங்களுக்கே ஏற்றது. துளை நல்லதாக இருந்து கம்ப்யூட்டர் மட்டும் மறுக்குமாயின், இருமுனைப் பென் டிரைவைக் கைபேசியிலேயே நேராகச் செருகிப் பிரதி செய்யலாம். எவ்வழியாயினும், பிரதி செய்த கோப்புகளைக் கம்ப்யூட்டரில் திறந்து சரிபார்த்த பின்னரே கைபேசியிலிருந்து அழிக்க வேண்டும். நகர்த்துதல் வேறு, பிரதி செய்தல் வேறு. நகர்த்தும்போது நடுவில் கேபிள் கழன்றால் கோப்பு பழுதாகவும் கூடும். ஆதலின் பிரதி செய்வதே எப்போதும் பாதுகாப்பானது.

கைபேசியைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொடுக்க நேர்ந்தால், "தகவல் அழியக்கூடாது" என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைய கைபேசிகளில் சேமிப்பு முழுவதும் சங்கேதக் குறியாக எழுதப்படுகிறது. அதனை வாசிப்பதற்குரிய திறவுகோலும் கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. முழுவதையும் அழித்துப் புதிதாக்கும் செயலில் அத்திறவுகோலும் அழிந்துவிடுவதால், பின்னர் எந்த நிபுணராலும் பழைய படங்களை மீட்க இயலாது. முற்காலக் காமிராக் கார்டுகளில் அழிந்த படங்களைச் சில சமயம் மீட்க முடிந்தது. அந்த நம்பிக்கையைக் கைபேசியிடம் வைக்கலாகாது.

முடிவுரை

உதாரணமாகக் கூறிய காளஹஸ்திப் பணியாளர் இம்முறைப்படி சோதித்தால் என்ன நேரும் என்று காணலாம். கைபேசியில் படங்கள் திறக்கின்றன. எனவே பொருளுக்குச் சேதமில்லை. சார்ஜ் ஏறுகிறது; எனவே மின்சாரம் வருகிறது. ஒலியுமில்லை, அறிவிப்புமில்லை, எனவே செய்திக் கம்பியின்மீது சந்தேகம் எழுகிறது. அதே கேபிளில் சக ஊழியரின் கைபேசியும் அறியப்படவில்லை. வேறு கேபிளில் இரண்டும் அறியப்படுகின்றன. பூட்டைத் திறந்து அனுமதி தந்தவுடன் துணியின் படங்களும் முதியவரின் குரலும் கம்ப்யூட்டரில் வந்து சேர்கின்றன. கோளாறு மாற்றத்தக்க ஒரு கேபிளில் இருந்தது. ஆராயாமல் அழித்திருந்தால் நஷ்டமாகியிருப்பதோ, மீண்டும் பெற இயலாத பதிவு.

வெளியிலிருந்து உள்நோக்கி, எளியதிலிருந்து அரியதற்கு, ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் என்னும் வரிசையில் சோதிப்பவர் பெரும்பாலும் கடைக்குச் செல்ல வேண்டியதே இராது. பழுது நேரும் முன்பே வாரந்தோறும் படங்களை வேறிடத்திற் பிரதி செய்து வைப்பவருக்கோ, கைபேசி பேச மறுக்கும் நாளும் சாதாரண நாளாகவே கழியும்.

வகுப்புக்குரிய பயிற்சிகள்

1. வகுப்பிலுள்ள கேபிள்களைச் சேகரித்து, ஒரே கைபேசி, ஒரே கம்ப்யூட்டரைக் கொண்டு, எவற்றில் செய்தி செல்கிறது, எவற்றில் மின்சாரம் மட்டும் செல்கிறது என்று மாணவர் பட்டியலிடுக.

2. பயனற்ற கேபிள் ஒன்றை எதனுடனும் இணைக்காத நிலையில் வெட்டிப் பார்த்து, உள்ளிருக்கும் கம்பிகளின் எண்ணிக்கையையும் நிறத்தையும் குறிக்கச் செய்க.

3. பூட்டிய கைபேசியையும் பூட்டுத் திறந்த கைபேசியையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, கம்ப்யூட்டர் திரையிற் காணும் வேறுபாட்டை எழுதுக. இவ்வேறுபாடு உரிமையாளருக்கு எவ்வாறு நன்மை பயக்கிறது என்றும் விளக்குக.

4. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்னும் விதி, மின்விளக்கு எரியாதபோதும் பம்ப் செட் இயங்காதபோதும் எவ்வாறு பயன்படும்? உதாரணங்களுடன் விவரிக்க.